பெண் கடல் எந்தப் பக்கம்?

திருத்தணி கடைத்தெருவில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில், கண்ணாடிக்கு மேலே ஒரு கடல் தொங்குகிறது. நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், மாவு சலித்துக் கொட்டியதுபோல் மணல், அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்க்கக் குனிந்த மாதிரி ஒரு தென்னை. ஊதுவத்திப் புகையில் போஸ்டரின் ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. "எந்த ஊருப்பா இது?" என்று ஒருமுறை கேட்டேன். "வெஸ்ட் இண்டீஸ் சார். கிரிக்கெட்டுல காட்டுவானே" என்றார் கடைக்காரர், கத்தரியை நிறுத்தாமல்.

2025 கோடையில் தம்பி மகனுக்கு முடி வெட்ட அழைத்துப் போனபோது அவன் அக்காவும் கூட வந்தாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரியப்பா, லீவுக்கு இங்க போலாமா?" என்றாள்.

கேட்டதில் தப்பில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டால் மாநிலத்தின் வெயில் பட்டியலில் வேலூருக்கும் எங்களுக்கும்தான் போட்டி. நூறு டிகிரி என்பது எங்கள் ஊரில் செய்தியே இல்லை. மலைப்பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் திருப்பித் தரும். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனோடு போரிட்ட முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால்தான் இது தணிகை. அதனால் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரமும் கிடையாது, பூச்சொரிவதோடு சரி. சுவாமி கடலிலிருந்து மலைக்கு வந்து குளிர்ந்தார். நாங்கள் மலையடியிலிருந்து கடலுக்குப் போனால்தான் குளிரும்போல.

குழந்தையின் கேள்வியை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு அன்றிரவு உலகப்படத்தை விரித்தேன். வெஸ்ட் இண்டீஸ் என்கிற கரீபியன் என்றால் ஒரே தீவு என்று என் தம்பி நினைத்திருந்தான். கியூபாவிலிருந்து டிரினிடாட் வரை பிறைபோல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டம் அது. பலவற்றுக்குத் தனிக்கொடி, நாணயமும் மொழியும்கூட எங்கும் ஒன்றில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டும் அவற்றில் பல ஒன்று சேரும். விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஆன்டிகுவாவில் வருஷத்துக்கு நாளொன்றாக 365 கடற்கரைகள் உண்டென்று அவ்வூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் மலைக்கும் 365 படிதான், நாளுக்கொன்று. யாரும் கீழே நின்று 'எந்தப் படி நல்ல படி' என்று கேட்பதில்லை. கடற்கரைக்கு மட்டும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் நம் ஆட்கள் போகாமலும் இல்லை. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிப்போய் மார்த்தினிக் தீவில் இறக்கியது. அதற்குப் பின்னால் பல கப்பல்கள். இன்றைக்கும் குவாதலூப்பில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தத் தீவுகளில் மசாலா போட்ட கறிக்குழம்புக்குக் 'கொலம்போ' என்று பெயர். பக்கத்திலிருக்கும் கயானாவிலிருந்து வீராசாமி பெருமாள் என்ற பெயரோடு ஒருவர் வெஸ்ட் இண்டீஸுக்காகச் சுழற்பந்து வீசியிருக்கிறார். முதலில் போனவர்கள் யாரும் கடலில் விளையாடப் போகவில்லை என்பதை நான் குழந்தையிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

போவதென்றால் எப்போது போவது? இதற்கு நம்மவர்களிடமே ஒரு கதை இருக்கிறது. 2024 ஜூன் 29ஆம் தேதி பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வென்று இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தூக்கியது. கோப்பை கைக்கு வந்தும் ஆட்கள் ஊர் திரும்ப முடியவில்லை. 'பெரில்' என்ற புயல் வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ஜூலை 1ஆம் தேதி அந்தப் புயல் தெற்கே கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு என்ற குட்டித் தீவின் மேல் ஏறி அதைத் துவைத்துப் போட்டது. ரோகித் சர்மாவும் விராட் கோலியும் ஹோட்டல் அறையில் காத்திருந்து, தனி விமானம் வந்து ஏற்றிக்கொண்டு டெல்லியில் இறங்கியபோது ஜூலை 4. அவர்களுக்கு விமானம் அனுப்ப ஆள் இருந்தது. எங்களுக்கு யார் அனுப்புவார்கள்?

ஜூன் தொடங்கி நவம்பர் முடிய அங்கே புயல் காலம். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் உச்சம். வெனிசுவேலாவை ஒட்டித் தெற்கே கிடக்கும் அரூபா, போனேர், கியூரசாவ் தீவுகளைப் புயல் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள் அங்கே மழை குறைந்த நல்ல காலம்தான். ஆக மாதம் பொருந்துகிறது. சரி, தீவில் எங்கே தங்குவது?

அங்கேதான் எனக்கு ஒரு சங்கதி பிடிபட்டது. அந்தப் பகுதியில் காற்று வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்தே அடிக்கிறது. அதனால் தீவின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலை வந்து மோதும். மேற்குக் கரைக்குத் தீவே மறைப்பு. பார்படோஸின் கிழக்கில் பத்சேபா என்ற இடத்தில் பலகை வைத்து அலையேறுபவர்கள்தான் நிற்பார்கள். அதே தீவின் மேற்கில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2011க்குப் பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கோடையில் டன் கணக்கில் மிதந்து வந்து, முக்கியமாகக் காற்றைப் பார்த்த கரைகளில் ஒதுங்கி அழுகி, முட்டை கெட்ட நாற்றம் அடிக்கிறது. சலூன் போஸ்டரில் நாற்றம் தெரியாது. டொபாகோவில் மட்டும் என் மனசு கொஞ்ச நேரம் நின்றது. கரையிலிருந்து தள்ளி, நடுக்கடலில், பவளத்திட்டுக்குப் பின்னால் ஆள் இடுப்பளவே ஆழமுள்ள ஓர் இடம் இருக்கிறது. நைலான் குளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதோடு நின்றது. இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. பார்படோஸும் ஜமைக்காவும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்விசா கேட்பதில்லை என்று தம்பி துள்ளினான். ஆனால் நியூயார்க்கில் விமானம் மாற அமெரிக்க விசா வேண்டும், லண்டனில் மாறவும் அந்நாட்டு அனுமதி வேண்டும். வாசலில் காவலில்லை, வழியெல்லாம் காவல். அம்மாவையும் சேர்த்து ஆறு டிக்கெட், போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். தம்பி வைத்திருப்பது நாலு விசைத்தறி. நாலையும் விற்றாலும் திரும்பி வரும் டிக்கெட்டுக்குக் காணாது என்றாள் அவன் மனைவி.

போஸ்டர் போனாலும் கணக்கு கையில் நின்றது. எந்த மாதம், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம். இதை வைத்துக்கொண்டு அந்தமானைப் பார்த்தேன். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். இறங்கினால் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், கும்பிட முருகன் கோயிலும் உண்டு. ஸ்வராஜ் தீவு என்று இப்போது பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை போஸ்டருக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் அது மேற்கைப் பார்த்த கரை. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமானைத்தான், அதுவும் மே மூன்றாம் வாரத்தை ஒட்டி. ஏப்ரலில் பட்டுப்போல் கிடந்த கரை ஜூனில் சீறும். அப்போது அதே தீவின் கிழக்கே விஜயநகர் பக்கம் அமைதியாக இருக்கும். கரீபியன் பாடம் இங்கே கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கிறது. கிழக்குக் கரையிலும் வற்று நேரத்தில் போனால் தண்ணீர் தூரத்துக்கு விலகிப் பாறையும் பவளக்கல்லுமாகக் காலைக் கிழிக்கும். ஹோட்டலைக் கேட்கும்போது ஏற்றம், வற்றம் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிட வேண்டும். சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

லட்சத்தீவின் காயல்கள் குழந்தைகளுக்கென்றே செய்தவை போலிருக்கும். ஆனால் அனுமதிச் சீட்டு, கொச்சி வழியாகப் பயணம் என்றதும் தம்பி பக்கத்தைப் புரட்டிவிட்டான்.

அந்தமான் முடிவாகிற நேரத்தில் அம்மா வாய் திறந்தார். "போர்ட் பிளேர்லருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போவீங்க?" கப்பலில், ரெண்டு மணி நேரம் என்றோம். "போட்டா?" என்றார். அவ்வளவுதான். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று இருக்கிற கடல் பழவேற்காடு. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்ததைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குப் படகு என்றால் ஆகாது. பெரிய கப்பல், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம். "நீங்க போயிட்டு வாங்க. நான் மலைக்குப் போய்க் கும்பிட்டுட்டு வீட்லயே இருக்கேன்" என்றார். அம்மா இப்படிச் சொன்னால் யாரும் எங்கும் போவதில்லை என்று அர்த்தம்.

படகு ஏறாமல் போகக்கூடிய தீவு ஒன்று தமிழ்நாட்டிலேயே இருப்பது அப்போதுதான் உறைத்தது. 1914இல் கட்டிய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலம் எழும்பி, 2025 ஏப்ரல் 6 ராமநவமியன்று திறந்து வைத்தார்கள். ராமேஸ்வரம் என்றதும் அம்மா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். 22 தீர்த்தம் ஆடுவது அவருக்கு வெகுநாள் பாக்கி. பிள்ளைகள் முகம் மட்டும் விழுந்துவிட்டது. கோயிலுக்குப் போவதற்கு எங்கள் ஊரைவிட்டு ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

சமாதானப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு ரயிலேறி, அங்கிருந்து கோவளம் கூட்டிப்போனேன். நீலக்கொடி பெற்ற கடற்கரை. டென்மார்க்கிலிருந்து இயங்கும் அமைப்பு தரும் சான்று அது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தண்ணீரைச் சோதித்திருக்க வேண்டும், உயிர்காப்பாளர் நிற்க வேண்டும். மெரினாவில் அலையில் கால் நனைப்பதையே பயந்து பயந்து பார்க்கிற எனக்கு, விசிலோடு ஓர் ஆள் நின்றது பெரிய ஆறுதல். ஆனாலும் இந்தக் கரையின் சுபாவம் மாறாது. அலை உயரமாக எழுந்து ஒரே இடத்தில் உடையும். திரும்பும் தண்ணீர் காலடி மணலைப் பறித்து உள்ளே இழுக்கும். தம்பி மகன் முட்டியளவுத் தண்ணீரில் இரண்டு தரம் விழுந்து, மூக்கில் உப்பேறி, "கடல் வேணாம்" என்று சொல்லிவிட்டான்.

மே மாதம் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் வரிசையாக நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. நாட்டுப்படகில் வரும் மீன்தான் சந்தையில், விலையும் அப்படி. முதல் நாள் அம்மாவின் தீர்த்தம். மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் ஊரையும் ரயிலையும் எடுத்துக்கொண்டுபோன இடம். தேவாலயத்தின் மிச்சச் சுவரைப் பார்த்துவிட்டு அரிச்சல் முனை வரை போனோம். நிலம் விரல்போல் மெலிகிறது. வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, கரைமேல் ஏறி ஏறிப் பாய்கிறது. இடது கைப்பக்கம் பாக் நீரிணைக் கடல், சத்தமே இல்லை. நடுவில் நிற்கும் எங்களுக்கு இரண்டும் சில எட்டுத் தூரம்தான்.

கருவாடு விற்றுக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் முழியைப் பார்த்துவிட்டு, "அது ஆம்பளக் கடல், இது பொம்பளக் கடல்" என்றார். எந்தச் சுற்றுலா ஏட்டிலும் இத்தனை சுருக்கமாக நான் படித்ததில்லை. தெற்கேயிருந்து வரும் காற்றும் அலையும் வளைகுடாவில் தடையில்லாமல் வந்து மோதும். வடக்குப் பக்கத்துக்கு இலங்கையும் மணல்திட்டுகளும் இந்தத் தீவும் சேர்ந்து வேலி. ஆழமும் குறைவு. "அப்போ இந்தப் பக்கம் பிள்ளைங்க எப்பவும் இறங்கலாமா?" என்றான் தம்பி. பெரியவர் சிரித்தார். "ஐப்பசி, கார்த்தியில வந்து பாருங்க. வாடை எடுத்துச்சுன்னா இவளும் ஆம்பளயாயிருவா."

முனையில் யாரும் குளிக்கக் கூடாது, நீரோட்டம் மோசம். நாங்களும் இறங்கவில்லை. சாயங்காலம் பாலம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரைக்கு வண்டியைவிடச் சொன்னோம். அதே பெண் கடலின் கரைதான். சவுக்குத்தோப்பு நிழலில் அம்மா முந்தானையை விரித்து உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். மணல் போஸ்டரின் வெள்ளை இல்லை, தென்னையும் குனியவில்லை. தம்பி மகன் கோவளத்து நினைப்பில் அப்பன் கையைவிடாமல் நின்றான். அக்காள் தண்ணீரில் இறங்கி நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். எனக்கு வயிறு கலங்கிப் பின்னாலேயே ஓடினேன். வெகுதூரம் போயும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. அவள் நின்று திரும்பிப் பார்த்து, சலித்துக்கொண்ட குரலில் கேட்டாள்:

"பெரியப்பா, கடல் எப்போ வரும்?"