பாவனை வானம் – 9: பழைய விமானத்தின் குடிபெயர்வு

ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு நூறாண்டை எட்டவிருந்த 2003-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ளைட் சிமுலேட்டர் 2004' என்னும் விமானப் பாவனை மென்பொருள் பதிப்பு, விமான வரலாற்றில் பெயர் பெற்ற சில பழைய விமானங்களையும் தன்னுடன் கொண்டுவந்தது. அவற்றுள் டக்ளஸ் டிசி-3யும் ஒன்று. 2006-இல் வந்த 'ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்' பதிப்பிலும் அந்த விமானம் இடம்பெற்றது. பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த அசோபோ ஸ்டுடியோ உருவாக்கி 2020 ஆகஸ்டில் வெளிவந்த புதிய பதிப்பிலோ அது இல்லை. இந்தச் சிமுலேட்டர் வரிசையின் நாற்பதாம் ஆண்டையொட்டி 2022 நவம்பரில் புதிதாக வடிக்கப்பட்ட டிசி-3 ஒன்று அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்படும் வரையிலான இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில், பழைய பதிப்புகளுக்கென உருவான டிசி-3களைப் புதிய சிமுலேட்டருக்குள் கொண்டுவந்து பொருத்தும் வேலையில் ஆர்வலர்கள் பலர் இறங்கினர். இவ்வாறு பொருத்துவதில் எது எளிதில் கடந்து வருகிறது, எது வர மறுக்கிறது என்பதே இப்பகுதியின் பொருள்.

டிசி-3ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்துக்கு இறக்கை அகலம் 95 அடி. இறக்கைப் பரப்பு 987 சதுர அடி. பதினான்கு சிலிண்டர்களைக் கொண்ட இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள். மூக்குச் சக்கரத்துக்குப் பதிலாக வாற்சக்கரம். ஏர் சிலோன் நிறுவனம் 1947-இல் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கிய சேவையில் பறந்ததும் இந்த வகையே என்பதால், தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான விமானமன்று. பளபளக்கும் அலுமினிய உடல், சுழலும் விசிறிகள், தரையில் மூக்கை உயர்த்தி நிற்கும் தோரணை ஆகிய மூன்றுமே, பின்னர் காணப்போவதுபோல, மாற்றுவோரைப் படாதபாடு படுத்துகின்றன.

சிமுலேட்டருடன் வராமல் வெளியார் தனியே உருவாக்கிச் சேர்க்கும் விமானத்தை 'ஆட்-ஆன்' என்பர். அத்தகைய விமானம் ஒரே கோப்பாக இருப்பதில்லை. ஒரு கோப்புறையும் அதனுள் சில உட்கோப்புறைகளுமாகவே அது கிடைக்கிறது. 'மாடல்' என்ற உட்கோப்புறையில் விமானத்தின் முப்பரிமாண உருவமும், 'டெக்ஸ்சர்' என்பதில் அவ்வுருவத்தின் மீது போர்த்தப்படும் வண்ணப் படங்களும், 'பேனல்' என்பதில் விமானியறையின் மானிகளும், 'சவுண்ட்' என்பதில் ஒலிகளும் இருக்கும். இவற்றுக்கு வெளியே 'ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி' என்ற உரைக்கோப்பும், பறக்கும் இயல்பைக் குறிக்கும் அட்டவணைகளைக் கொண்ட 'ஏர்' கோப்பும் நிற்கும். இந்தப் பகுப்பு பதிப்புகள் பல மாறியும் பெரிதும் மாறாமல் நின்றதனால்தான் 2004-க்கான விமானத்தை 2006-இன் பதிப்புக்கு மாற்றுவது பெரும்பாலும் கோப்புறையை நகர்த்துவதோடு முடிந்தது. அப்போதும் ஒரு கண்ணி இருந்தது: இலவச விமானங்களை உருவாக்கியோர் பலர் தமக்கென்று மானிகளையோ ஒலிகளையோ உருவாக்காமல், சிமுலேட்டருடன் வந்த போயிங் 737-400இன் பேனலையும் ஒலியையும் பெயர்சுட்டி இரவல் வாங்கியிருந்தனர். எக்ஸ் பதிப்பில் அந்த 737-400 நீக்கப்பட்டு 737-800 வைக்கப்பட்டதும், சுட்டப்பட்ட கோப்புறையே இல்லாது போக, அவ்விமானங்கள் மானிகளும் ஒலியுமின்றி ஊமையாய் நின்றன.

2020 பதிப்பில் இந்த எளிமை போயிற்று. வெளியார் விமானங்கள் 'கம்யூனிட்டி' என்ற கோப்புறைக்குள், ஒவ்வொன்றும் ஒரு தனிப்பொதியாக வைக்கப்பட வேண்டும். பொதியின் பெயர், உருவாக்கியவர், பதிப்பெண் ஆகியவற்றைக் கூறும் 'மேனிஃபெஸ்ட்' கோப்பும், பொதியிலுள்ள கோப்புகள் ஒவ்வொன்றின் இடத்தையும் அளவையும் தேதியையும் பட்டியலிடும் 'லேஅவுட்' கோப்பும் அதில் இருந்தாக வேண்டும். பட்டியலில் இல்லாத கோப்பு வட்டில் இருந்தாலும் சிமுலேட்டரின் கண்ணுக்கு அது இல்லாததே. பட்டியலில் வரும் தேதியும் நாம் அறிந்த வடிவில் இராது: 1601-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கழிந்த காலத்தை நூறு நானோநொடித் துணுக்குகளாக எண்ணி எழுதும் விண்டோஸ் வழக்கப்படியே அது குறிக்கப்படுகிறது. கையால் எழுதக் கூடிய பட்டியல் அன்று என்பதால், இதனைத் தானே எழுதித்தரும் சிறு நிரல்கள் விரைவிலேயே புழக்கத்துக்கு வந்தன.

பொதி கட்டுவது எழுத்தர் வேலை. உண்மையான சிக்கல் உருவத்தில் தொடங்குகிறது. 2004 பதிப்புக்கான விமானங்களைப் பலர் 'ஜிமாக்ஸ்' என்ற இலவச வரைவு மென்பொருளில் வடித்து, இறுதியில் 'எம்டிஎல்' என்ற இயந்திரக் கோப்பாகத் தொகுத்து வெளியிட்டனர். தொகுப்பதற்கு முந்தைய வரைவுக் கோப்பு உருவாக்கியவரிடமே தங்கிவிட்டது. எக்ஸ் பதிப்பின் எம்டிஎல் பெயரில் ஒன்றானாலும் உள்ளமைப்பில் வேறு. 2020 பதிப்பு எக்ஸ் வகையை ஓரளவு படித்துக் காட்டும், 2004 வகையை ஏற்காது. எனவே பழைய உருவத்தை 'மாடல்கன்வெர்ட்டர் எக்ஸ்' என்ற இலவசக் கருவியால் திறந்து, எக்ஸ் வகைக்கோ, புதிய சிமுலேட்டருக்கு இயல்பான 'ஜிஎல்டிஎஃப்' வடிவத்துக்கோ மாற்ற வேண்டியிருக்கிறது. உடலின் வடிவத்தை உருவாக்கும் முக்கோணங்கள் இம்மாற்றத்தில் பெரும்பாலும் பழுதின்றி வந்து சேர்கின்றன. அசைவுகளின் கதை வேறு. சக்கரம் மடங்குவதும் சுக்கான் திரும்புவதும் பழைய பதிப்பில் உறுப்புகளுக்கு இடப்பட்ட குறித்த பெயர்களால் இயங்கின. எடுத்துக்காட்டாக, நிற்கும் விசிறி, மெதுவாகச் சுழலும் விசிறி, வேகத்தில் மங்கித் தெரியும் விசிறி என மூன்று உறுப்புகள் மூன்று பெயர்களில் இருக்க, சிமுலேட்டரே வேகத்துக்கேற்ப ஒன்றைக் காட்டி மற்றவற்றை மறைத்தது. புதிய பதிப்பிலோ எந்த அசைவு எந்த மாறியைத் தொடர வேண்டும் என்பதைத் தனியான எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொன்றாக எழுதியாக வேண்டும். அது எழுதப்படாத விமானம் சக்கரத்தை மடக்காமலே வானில் ஏறும்.

விசிறியைப் பற்றிய பழைய தொல்லை ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். 2004-க்கான விசிறித் தட்டை எக்ஸ் பதிப்பில் அப்படியே வைத்தால், அரைகுறையாக ஒளி ஊடுருவும் அத்தட்டின் வழியே பார்க்கையில் பின்னணியிலுள்ள மேகங்கள் மட்டும் காணாமற்போகும். ஒளி ஊடுருவும் பரப்புகளை எந்த வரிசையில் வரைவது என்பதில் இரு பதிப்புகளும் வேறுபட்டதே இதற்குக் காரணம். விமானியறையிலிருந்து இரு எஞ்சின்களையும் பக்கவாட்டில் காணும் டிசி-3 போன்ற விமானத்தில் இக்குறை கண்ணை உறுத்தியதில் வியப்பில்லை.

வண்ணப் படங்களை மாற்றுவது, கோப்பு வகையை மாற்றுவதோடு முடிந்துவிடுவதாகப் புதியவர்கள் எண்ணுவதுண்டு. அந்த அளவில் வேலை எளிதே: பழைய 'பிஎம்பி' படங்களை 'டிடிஎஸ்' வகைக்கு மாற்றி, எக்ஸ் பதிப்பின் வழக்கப்படி தலைகீழாகப் புரட்டினால் போதும். ஆனால் பழைய படத்தில் இருப்பது வண்ணம் மட்டுமன்று. 2004-இல் சிமுலேட்டர் ஒளியைக் கணக்கிட்ட முறை எளியதாக இருந்ததால், இறக்கைக்கு அடியில் விழும் நிழலையும், தறையாணிகளின் மேடுகளையும், உடலின் மேற்புறத்தில் மின்னும் வெயிலையும்கூட ஓவியர் தூரிகையாலேயே தீட்டிவிட்டார். பளபளப்பை மட்டும் படத்தின் 'ஆல்ஃபா' எனப்படும் நான்காம் அடுக்கில் சாம்பல் நிறச் செறிவாகக் குறித்தார். புதிய சிமுலேட்டர், பொருளின் இயற்பியல் பண்புகளிலிருந்தே ஒளியின் போக்கைக் கணக்கிடும் முறையைக் கைக்கொள்கிறது. அதற்கு நிழலோ ஒளியோ கலவாத தூய வண்ணப் படம் ஒன்று வேண்டும். மேடுபள்ளங்களைக் கூறும் படம் ஒன்று வேண்டும். சிவப்பு அடுக்கில் மறைவிடங்களின் இருளையும், பச்சை அடுக்கில் பரப்பின் சொரசொரப்பையும், நீல அடுக்கில் அது உலோகமா அன்றா என்பதையும் குறிக்கும் கூட்டுப் படம் ஒன்றும் வேண்டும்.

இம்மூன்றில் முதலாவதே கடினம் என்பது நோக்கத்தக்கது. இல்லாததைச் சேர்ப்பதைவிட, இருப்பதை நீக்குவது அரிது. தீட்டப்பட்ட நிழலை அழிக்காமல் விட்டால், மாலை வெயில் கிழக்குநோக்கி நீளும் வேளையிலும் விமானத்தின் மேற்புறத்தில் என்றோ ஓர் ஓவியர் கற்பனை செய்த நண்பகல் வெளிச்சம் காய்ந்துகொண்டிருக்கும். வண்ணப்பூச்சு இல்லாத வெற்று அலுமினிய டிசி-3இல் இம்முரண் இன்னும் மோசமாகிறது. ஏனெனில் உலோகத்துக்குத் தன் நிறம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சுற்றியுள்ள வானத்தையும் தரையையும் காட்டுவதே அதன் தோற்றம். தீட்டிய மின்னலும் கணக்கிட்ட மின்னலும் ஒன்றன்மீது ஒன்று விழுந்த உடல், பிளாஸ்டிக் பொம்மைபோலத் தெரிகிறது. அவசரத்தில் மாற்றப்பட்ட விமானங்களைப் பார்த்தவுடன் அடையாளம் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தோற்றமே.

மானிகளுக்கு வருவோம். பழைய பதிப்புகளில் மானிகள் இருவகையாக எழுதப்பட்டன. ஒன்று, சி மொழியில் எழுதி இயந்திர மொழியாகத் தொகுத்த 'கேயு' கோப்பு. விண்டோஸின் 'டிஎல்எல்' நூலகமே பெயர் மாறி அவ்வாறு நின்றது. மற்றொன்று, எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து படிக்கத்தக்க எக்ஸ்எம்எல் கோப்பு. உயரத்தைக் கேட்டு, அதனை ஓர் எண்ணால் பெருக்கி, அந்த அளவுக்கு முள்ளைத் திருப்பு என்பது போன்ற கட்டளைகள், எண்கள் முன்னும் செயற்குறி பின்னுமாக வரும் தலைகீழ்க் கணிதக் குறியீட்டில் அதில் வெளிப்படையாக இருக்கும். கேயு மானிகளே திறன் மிக்கவையாகவும், தேர்ந்தவர்களின் கைவேலையாகவும் மதிக்கப்பட்டன. 2004, எக்ஸ் ஆகிய இரு பதிப்புகளும் 32-பிட் நிரல்கள். அதனால் அவை கையாளக்கூடிய நினைவக எல்லை அதிகபட்சம் 4 ஜிகாபைட். இந்த எல்லையைத் தாண்ட 64-பிட்டுக்கு மாறியபோது, 32-பிட் நூலகத்தை 64-பிட் நிரல் ஏற்றாது என்ற எளிய விதியால், கேயு மானிகள் அனைத்தும் ஒருசேரச் செயலிழந்தன. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் 'பிரிபேர்-3டி' சிமுலேட்டரின் நான்காம் பதிப்பு 2017-இல் 64-பிட்டாக வந்தபோதே இது நிகழ்ந்தது. 2020-இன் சிமுலேட்டர் இன்னும் ஒருபடி சென்று, சி மொழி மானிகளை 'வெப்அசெம்பிளி' என்ற வடிவில் மட்டுமே ஏற்கிறது. மூல நிரல் கையிலிருந்தால் மீண்டும் தொகுக்கலாம். அது இல்லையெனில், மானியின் முகப்பை மட்டும் படமாக எடுத்துக்கொண்டு, உள்ளே இயங்கியதை முற்றிலும் புதிதாக எழுத வேண்டியதுதான். எளிமையானவை என்று அக்காலத்தில் குறைவாக மதிக்கப்பட்ட எக்ஸ்எம்எல் மானிகளில் பல, சிறு திருத்தங்களோடு இன்றும் முள்ளை அசைக்கின்றன.

இதே வேறுபாடு பறக்கும் இயல்பிலும் தென்படுகிறது. எடை, எரிபொருள் தொட்டிகளின் இடம், தரையைத் தொடும் புள்ளிகள் ஆகியவை ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜியில் அடி, பவுண்டு, காலன் என்ற அளவுகளில் எழுத்தாக இருந்ததால், ஏறக்குறைய அப்படியே கொண்டுவர முடிகிறது. டிசி-3 தரையில் சுமார் 11 பாகை அளவுக்கு மூக்கை உயர்த்தி நிற்கும் விமானம் ஆதலால், முன்சக்கரங்கள், வாற்சக்கரம் ஆகியவற்றின் தொடுபுள்ளிகளும், நிற்கும் உயரமும் சாய்வும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாதபோது விமானம் ஓடுதளத்தில் புதைந்தோ, ஏற்றியவுடன் துள்ளியோ தன் குறையைத் தெரிவிக்கும். விசிறியின் செயல்திறன், அது உறிஞ்சும் ஆற்றல் ஆகியவற்றின் அட்டவணைகளோ இரும எண்களாலான ஏர் கோப்புக்குள் 511, 512 என்ற எண்களின்கீழ்ப் புதைந்து கிடந்தன. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் முயன்று அதன் அமைப்பைக் கண்டறிந்து, திருத்தும் கருவிகளையும் உருவாக்கிவைத்திருந்ததால்தான் இன்று அவற்றை வெளியே எடுக்க முடிகிறது. புதிய சிமுலேட்டர் இத்தகைய அட்டவணைகளை உரைக்கோப்புக்கே கொண்டுவந்துவிட்டது வரவேற்கத்தக்கது.

எனினும் எண்களைப் பெயர்த்தெழுதியதும் பழைய பறப்பு கிடைத்துவிடுவதில்லை. பழைய முறை, விமானம் முழுவதன்மீதும் செயல்படும் விசைகளை ஒரே புள்ளியில் தொகுத்து அட்டவணைகளால் கணக்கிட்டது. புதிய முறை, இறக்கை, உடல், வால் ஆகியவற்றின் பரப்பைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் காற்று செய்வதைத் தனித்தனியே கணக்கிடுகிறது. இதனால் நேரும் விளைவு வேடிக்கையானது. இறக்கையின் நீளமும் பரப்பும் இடமும் பழைய முறையில் பறப்பை அவ்வளவாகப் பாதிக்காததால், பலர் அவற்றைத் தோராயமாக நிரப்பிவிட்டு, அட்டவணைகளைத் திருகித் திருகியே விரும்பிய இயல்பைப் பெற்றிருந்தனர். புதிய முறையில் அந்தத் தோராய எண்கள் உயிர்பெற்று எழுந்து விமானத்தைத் தம் விருப்பப்படி இழுக்கின்றன. 95 அடியும் 987 சதுர அடியும் சரியாக எழுதப்பட்ட டிசி-3க்கு இங்கே தொல்லை குறைவு. அளவுகளை நேர்மையாகக் குறித்த அந்த ஆசிரியரின் உழைப்பு பலன் தர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இவையெல்லாம் கூடிவந்த பின்னும் ஒரு கோப்பு எஞ்சுகிறது. ஏறக்குறைய ஒவ்வோர் இலவச விமானத்துடனும் வரும் 'ரீட்மீ' என்ற குறிப்பில், தம் அனுமதியின்றி மாற்றவோ மறுபடி வெளியிடவோ கூடாது என்று ஆசிரியர் எழுதியிருப்பது வழக்கம். தம் கணினியில் தமக்காக ஒருவர் மாற்றிக்கொள்வதும், மாற்றியதைப் பொதுவில் வழங்குவதும் வெவ்வேறு செயல்கள். சிமுலேட்டருடன் வந்த டிசி-3 மைக்ரோசாஃப்டின் உடைமை என்பதால் அதற்கும் இதே வரம்பு உண்டு. மின்னஞ்சல் முகவரிகள் செயலிழந்தும், ஆசிரியர்கள் இத்துறையைவிட்டு விலகியும் மறைந்தும் போய்விட்ட நிலையில் அனுமதி கேட்க ஆளில்லை. எனவே நன்றாக மாற்றப்பட்ட விமானங்கள் பல வெளியே வராமல் தனிநபர் கணினிகளுக்குள்ளேயே பறந்துகொண்டிருக்கின்றன. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று எழுதிவைத்த ஆசிரியர்களின் படைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு பலரின் கைகளால் திருத்தப்பட்டு வளர்ந்துள்ளன. விமானங்களைவிட இவ்வேறுபாடு கூர்மையாகத் தெரியும் இடம் விமான நிலையங்களே. நிலமும் கட்டடங்களும் ஓடுதளங்களும் புதிய சிமுலேட்டருக்குள் இடம்பெயர்ந்த முறையை அடுத்த பகுதி விவரிக்கும்.

(தொடரும்)