சி.என்.சி.யில் செய்யலாம், ஆனால் எதில்?

மாணவர்களே, "இந்தப் பாகத்தை எப்படிச் செய்வீர்கள்?" என்ற கேள்விக்குப் பலர் "சி.என்.சி.யில்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதி விடைதான். சி.என்.சி. என்பது இயந்திரத்தைக் கணினி இயக்கும் முறை. வெட்டும் முறை வேறு.

முதலில் வரைபடத்தைப் பாருங்க. தண்டு, புஷ் போல உருளையாக இருந்தால் லேத் போதும். அங்கே பொருள் சுழலும். தட்டையான முகம், பள்ளம், காடி என்றால் மில்லிங். அங்கே கட்டர் சுழலும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கிறாங்க. பள்ளத்தின் உள்மூலையைக் கூர்மையாக 90 பாகையில் வரைந்துவிடுவார்கள். திரையில் அழகாத்தான் இருக்கும். ஆனால் 10 மி.மீ. விட்டமுள்ள கட்டர் அந்த மூலையில் 5 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுத்தான் திரும்பும். சின்ன கட்டர் போட்டால் வளைவு சிறுக்கும், நேரம் கூடும். பள்ளம் ஆழமாக இருந்தால் கட்டர் உடைஞ்சும் போகலாம். கூர்மூலை கட்டாயம் வேணும், துளையும் மறுபக்கம் வரை போகிறது என்றால் வயர் கட் உண்டு. மெல்லிய கம்பியின் மின்பொறி உலோகத்தை அரித்து வெட்டும். மெதுவானது, செலவும் அதிகம். பிளாஸ்டிக்கில் நடக்காது, மின்சாரம் பாயாதே!

கூர்மூலை தேவையில்லையா? வரையும்போதே 6 மி.மீ. ஆரம் கொடுத்துடுங்க, 10 மி.மீ. கட்டர் மூலையில் நிற்காமல் வளைந்து போகும்.