லட்சம் தாண்டிய காரின் எண்ணெயும் ரப்பரும்

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். எண் ஆறு இலக்கத்துக்குப் போயிருந்தால் அங்கேயே பாதி மனசு விட்டுப்போகும். ‘லட்சம் ஓடிருச்சுப்பா, இனிமே எடுத்தா செலவு வச்சுக்கிட்டேதான் இருக்கும்’ என்று கூட வந்தவரும் சொல்லிவிடுவார். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு காரை எடைபோடுவது தவறு.

அமெரிக்காவின் லாங் ஐலண்டில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் 1966-ல் ஒரு வால்வோ பி1800 காரைப் புதிதாக வாங்கினார். வேலைக்குப் போய்வரவே தினமும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டவேண்டியிருந்தது. 1987-ல் அந்தக் கார் பத்து லட்சம் மைலைத் தொட்டது. 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது லட்சம் மைலைக் கடந்தது. கிலோமீட்டரில் சொன்னால் 48 லட்சம். எஞ்சினை முதன்முதலாகப் பிரித்து வேலை பார்த்ததே சுமார் 11 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகுதான். இதில் மந்திரம் எதுவும் இல்லை. காரோடு வந்த கையேட்டில் சொன்ன வேலைகளைச் சொன்ன நேரத்தில் செய்தார், ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார், கைக்கு எட்டிய வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் கொஞ்சம் போகவேண்டும். கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளி, அதில் ஆயில். தண்டு சுழலச் சுழல அந்த ஆயில் இடுக்குக்குள் இழுபட்டு அழுத்தம் பெறுகிறது. தண்டையே தூக்கி மிதக்க வைக்கிறது. அந்தப் படலம் அறுபடாதவரை இரும்பு மிக மெதுவாகத்தான் தேயும். சீக்கிரம் மூப்படைபவை வேறு இரண்டு: காருக்குள் ஓடும் திரவங்களும், அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பரும். நடுவழியில் நின்றுபோன பழைய காரின் கதையைக் கிளறினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்கியிருக்கும். இரண்டையும் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய பராமரிப்பில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

டிப்ஸ்டிக்கிலிருந்து தொடங்குவோம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் கீழே இறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல்குறியை ஒட்டி ஆயில் நிற்கவேண்டும். குறைந்தால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். மேல்குறியைத் தாண்டினாலும் கெடுதல்தான்: கிராங்க் அதில் புரண்டு ஆயிலை நுரையாக்கிவிடும்; நுரையில் படலம் நிற்காது.

அடுத்தது நிறம். ‘ஆயில் கறுத்துப் போச்சு சார், மாத்திடலாமா?’ என்ற கேள்வியை ஒர்க்‌ஷாப்பில் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். கறுப்பு மட்டுமே கெட்டதற்கு அடையாளம் இல்லை. ஆயிலில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் கரியை உலோகத்தில் படியவிடாமல் ஆயிலுக்குள்ளேயே மிதக்கவிடுகின்றன. கறுப்பது என்றால் ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். டீசல் காரில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். மாற்றும் நேரத்தைக் கிலோமீட்டரும் மாதமும் முடிவு செய்யட்டும், நிறம் வேண்டாம். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

பயப்படவேண்டிய நிறம் ஒன்று உண்டு. ஆயில் வெளிறி, பால் கலந்த மாதிரி குழகுழவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தால், தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் தங்கியதாக இருக்கலாம். அரைமணி நேரம் நன்றாக ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால், இரண்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

லட்சம் தாண்டிய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். எங்கே போகிறது என்பதைப் புகை சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்கள் இறுகிவிட்டன; அது ரப்பர் சமாச்சாரம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, செலவு பெரிது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. எவ்வளவு ஆயில் சேர்த்தீர்கள், எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மாதாமாதம் ஒரே அளவு குடிக்கிற எஞ்சினோடு பல வருடம் ஓட்டலாம். அளவு திடீரென்று கூடினால்தான் சிக்கல்.

பழைய வண்டி என்றதும் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றைய எஞ்சின்களில் மெல்லிய துளைகள் வழியாக ஆயில் மேலே ஏறி வால்வுகள் வரை போகவேண்டும். கெட்டியான ஆயில் காலை ஸ்டார்ட்டில் தாமதமாகப் போய்ச் சேரும். எஞ்சினின் தேய்மானத்தில் பெரும்பங்கு நடப்பது அந்த நேரத்தில்தான். கையேட்டில் உங்கள் காருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு கொடுத்திருந்தால், நம் ஊர் வெயிலுக்கு அதில் கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பட்டியலைத் தாண்ட வேண்டாம்.

ஆயில் மாற்றுவதை ஒருமுறையாவது சொந்தக் கையால் செய்து பாருங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், கொதிக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, அடியில் அகலமான தட்டை வைத்து, டிரெய்ன் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, கடைசி மரைகளை மேல்நோக்கி அழுத்தியபடியே விரலால் கழற்றினால் கையெல்லாம் கொட்டாது. கழற்றிய போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைக் கவனியுங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகத்தில் உரசும் துகள்கள் இருந்தால் உள்ளே எங்கோ இரும்புப் பாகம் அரிபடுகிறது. போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்ப்பது மிக முக்கியம். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றிவிட்டால் சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, எஞ்சினைத் தொடும்வரை திருகி, அதன்பின் முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றவே முடியாது.

ஆயிலுக்கு அடுத்தபடி கவனம் வேண்டியது கூலன்ட். இங்கே நாம் இன்னும் அம்பாசிடர் காலத்துப் பழக்கத்தை விடவில்லை. அந்த எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஓட்டினார்கள், அதுவும் ஓடியது. இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். அதிகம் சூடானால் நெளிந்துவிடும். நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். வாட்டர் பம்பின் சீலைத் தின்னும். கூலன்டில் எத்திலீன் கிளைகாலோடு துருத் தடுப்பு மருந்துகளும் கலந்திருக்கின்றன. அவை சில வருடங்களில் தீர்ந்துபோகும். நிறம் மட்டும் பச்சையாகவோ சிவப்பாகவோ அப்படியே இருந்து நம்மை ஏமாற்றும். கையேடு சொல்லும் காலத்தில் மாற்றி, கலக்குவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரையே வாங்குங்கள். கிளைகால் விஷம், ஆனால் இனிக்கும். சிந்தியதைக் கழுவாமல் விட்டால் தெருநாய் நக்கிச் செத்துப்போகும்.

ரேடியேட்டர் மூடியின் வேலை பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற அதே வேலைதான். உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஒரு பார் அழுத்தம் கூடினால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கூலன்ட் நிறைய இருந்தும் வண்டி கொதிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான் இது. சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்கவே கூடாது. பீறிட்டு வரும் நீர் முகத்தை வெந்துபோக வைக்கும்.

டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது என்று கவனித்தால் பாதி நோய் பிடிபடும். நெரிசலில் ஏறி, ஹைவேயில் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. நெரிசலில் சரியாக இருந்து, ஹைவேயில் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். இதைச் சொல்லி வண்டியை விட்டால் மெக்கானிக்கும் குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கமாட்டார்.

இனி ரப்பர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கி மீண்டால் நல்லது. நெறுநெறுவென்று சத்தம் வந்தாலோ, கிளாம்ப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ, ஆயில் ஊறிக் கொழகொழத்திருந்தாலோ அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். முன்சக்கரங்களுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஆக்ஸிலில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும், பூட் என்பார்கள். அது கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள். கிழிசல் வழியே மண் புகுந்தால் உள்ளே இருக்கும் ஜாயின்ட் அரைபட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டக் டக்கென்று அடிக்கத் தொடங்கும். அப்போது ஜாயின்டையே மாற்றவேண்டி வரும். கிழிந்த அன்றே பார்த்திருந்தால் உறையோடு முடிந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு ரப்பர்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது: டைமிங் பெல்ட். மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் போன்ற வண்டிகளில் கிராங்க்கையும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது இந்தப் பல்வைத்த பெல்ட். மாருதியின் கே-சீரிஸ் எஞ்சின்களில் அந்த இடத்தில் சங்கிலி. பல எஞ்சின்களில், முக்கியமாக டீசலில், பெல்ட் அறுந்த நொடியில் திறந்து நிற்கும் வால்வுகளில் பிஸ்டன் வந்து மோதும். அறுவதற்கு முன் சத்தமோ எச்சரிக்கை விளக்கோ வராது. லட்சம் ஓடிய காரை வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, ‘டைமிங் பெல்ட் எப்போ மாத்துனீங்க, பில் இருக்கா?’ பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, ஓட்டத் தொடங்கும் முன் மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி; ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கிவிடலாம். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது அந்த ஈரம் ஆவியானால், பெடல் மெத்தென்று கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலை இறங்கும்போது கியரைக் குறையுங்கள். பாட்டிலில் அளவு மெல்லக் குறைந்தால் பிரேக் பேட் தேய்கிறது என்று அர்த்தம். சட்டெனக் குறைந்தால் கசிவு. காரணம் பார்க்காமல் நிரப்பிவைப்பது ஆபத்து.

பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்களைத் தொடர்ந்து வரும் எண்களில் கடைசி நான்கு அதன் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் ஹைவேக்குப் போகாதீர்கள். ரப்பர் உள்ளுக்குள் வெடித்திருக்கும். ஏர் ஃபில்டர் ஐந்து நிமிட வேலை.

பிரேக்கைப் பிரிப்பது, டைமிங் பெல்ட், ஏர்பேக், ஏ.சி. கேஸ் ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். காருக்கு அடியில் போகவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்ட் வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். ஜாக்கி சறுக்கி உயிர்போன சம்பவங்கள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய ஆயிலைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. மண்ணில் இறங்கினால் நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் குடிக்கும் கிணற்றுக்குத்தான் போகும். புது ஆயில் வந்த அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். அதைச் சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்கும் ஆலைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன.