நீலவானச் சட்டம்

பொருளீட்டுதல் அரிது, ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிதென நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கான்ஸஸ் இராஜ்யத்து மக்கள் தாம் கண்ணாற் காணாத சுரங்கங்களின் பங்குப் பத்திரங்களை வாங்கிப் பொருளிழக்கின்றனர் என்னும் முறையீடு எழுந்தது. பாங்குக் கமிஷனராகிய டாலி என்பவர் முயற்சியால் 1911-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. வெறும் வானத்தையே விலைகூறுவாரைத் தடுப்பதாகலின் அதனை ‘நீலவானச் சட்டம்’ என்றனர்.

அதன்படி, பத்திரம் விற்கக் கருதும் கம்பெனி தன் கணக்கையும் திட்டத்தையும் கமிஷனரிடம் காட்டி, முன்னரே அனுமதி பெறல் வேண்டும்; திட்டம் நேர்மையற்றதாயின் அவர் மறுக்கலாம். பிற இராஜ்யங்கள் பலவும் இதனைப் பின்பற்றின. 1917-இல் உச்ச நீதிமன்றமும் இத்தகைய சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும், எல்லைக்கு அப்பாலிருந்து தபால் வழியாக விற்போரை ஓர் இராஜ்யத்தின் கை எளிதில் எட்டவில்லை.

1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின்னரே, 1933-இல் மத்திய அரசாங்கம் நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றியது; 1934-இல் தனிக் கமிஷனையும் நிறுவியது. கான்ஸஸ் சட்டம், ‘இது நேர்மையான தொழிலா?’ என வினவிற்று. மத்தியச் சட்டமோ, ‘உண்மை உரைக்கப்பட்டதா?’ என வினவுகிறது. அதிகாரி பிழையாக மறுப்பின் நல்ல தொழிலும் முளையிலே கருகும். உண்மையை உரைப்பித்தல் மட்டும் போதுமெனின், அதனைப் படியாதவன் பொருளிழப்பான். ஆதலின், சட்டத்தின் காவலோடு நம் கருத்தும் விழித்திருத்தல் வேண்டும்.