மணியடித்த பின்னர்

ஒரு கல்லூரியின் தரத்தை அறிய விரும்புவோர் அதன் பரீட்சைப் பெறுபேறுகளைக் கேட்பர். நான் அதன் மாலைப்பொழுதைப் பற்றிக் கேட்பேன். கடைசி மணி அடித்த பின்னர் அங்கே எத்தனை பேர் எஞ்சி நிற்கின்றனர்? அவர்கள் எதற்காக நிற்கின்றனர்? ஒரு பாடசாலை தன் மாணாக்கரை மனிதராக மதிக்கிறதா, புள்ளிகளாக எண்ணுகிறதா என்பது இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையிலேயே வெளிப்பட்டுவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வினாவை எழுப்புவதற்கு மிகவும் பொருத்தமான இடமாக எனக்குத் தோன்றுவது தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி. பட்டினத்தின் சந்தடிக்கு அப்பால், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் நடுவே, அம்பனையில் அமைந்த கலாசாலை அது. 1910ஆம் ஆண்டில் அதனைத் தொடக்கியவர் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை. அக்காலத்தில் இங்கே தோன்றிய ஆங்கிலக் கலாசாலைகள் பல ஒரு மதத்தின் பெயரையோ, ஒரு சபையின் பெயரையோ, ஒரு கொடையாளியின் பெயரையோ தாங்கி நின்றன. பாவலரின் பள்ளிக்கு வாய்த்த பெயரோ 'மகாஜனம்'. பொதுமக்கள் என்பது அதன் பொருள். அந்தப் பெயரை நான் ஒரு வாக்குறுதியாகவே கொள்கிறேன்.

பாவலர் வெறும் நிருவாகியல்லர். அவர் கவிஞர், நாடகாசிரியர். அவர் எழுதிய 'சகலகுணசம்பன்னன்' ஈழத்து நாடக வரலாற்றிலே பேசப்படுவது. சமுதாயத்தின் குறைகளைப் பாட்டினாலும் கூத்தினாலும் எடுத்துரைத்துத் திருத்தலாம் என்று நம்பியவர் அவர். அத்தகைய ஒருவர் பள்ளி நிறுவும்போது பாட்டும் நாடகமும் பாடத்துக்குப் புறம்பான பொழுதுபோக்குகளாக ஒதுங்கி நிற்க இயலுமா? நாம் இன்று இணைப்பாடவிதானம் என்று பெரிய பெயரிட்டு அழைப்பது அங்கே கல்வியின் உள்ளேயே இருந்தது.

ஈழத்து நவீன இலக்கியத்தில் நிலைத்த பெயர்கள் மூன்றினை இங்கு நினைவுகூர்தல் தகும். 'குறும்பா' தந்தவரும், 'கோடை', 'புதியதொரு வீடு' முதலிய பாநாடகங்களை ஆக்கியவருமான மஹாகவி உருத்திரமூர்த்தி. 'மதமாற்றம்' என்னும் நாடகத்தை எழுதிய அ. ந. கந்தசாமி, 'மனித மாடு' என்ற சிறுகதையால் அறியப்பட்ட அ. செ. முருகானந்தன். மூவரும் மகாஜனாவில் இளமையிற் பயின்றவர்கள். பள்ளிக்கூடம் கவிஞரை உண்டாக்கியது என்று கூற நான் துணியேன். கவித்துவம் எந்த வகுப்பறையிலும் உற்பத்தியாவதன்று. ஆனால், எழுத விழையும் பிள்ளைக்கு முதலிற் கேட்பதற்கு நான்கு செவிகள் வேண்டும். ஒத்த வயதுடைய நண்பர் சிலரும், 'எழுது' என்று சொல்லும் ஓர் ஆசிரியரும், எழுதியதை அச்சிற் காண ஓர் இதழும் வேண்டும். அருகிலே சுன்னாகத்தில் நா. பொன்னையா 1930இல் தொடக்கிய 'ஈழகேசரி' இளம் எழுத்தாளருக்கு அந்த அச்சிடத்தை அளித்தது. பள்ளியும் பத்திரிகையும் சைக்கிளிற் சென்றடையும் தூரத்தில் அமைந்தமை அவ்வூர்ப் பிள்ளைகளின் நற்பேறு.

யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் மன்றம் எவ்வாறு நடந்தது என்பதை இளைய வாசகர் அறிந்திருக்கமாட்டார்கள். தலைவர் ஒருவர், காரியதரிசி ஒருவர், பொருளாளர் ஒருவர், மூவரும் மாணாக்கர். சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும். 'திருத்தம் உண்டா?' என்று தலைவர் கேட்பார். எவனாவது ஒருவன் எழுந்து, தான் கூறியது பிழையாகப் பதியப்பட்டிருப்பதாகக் கூறுவான். அது தீர்ந்த பின்னரே அடுத்த விடயம். பின்பு பேச்சு, பாட்டு, விவாதம். முறை வைத்துப் பெயர் அழைக்கப்படும். திக்கிப் பேசுபவனுக்கும் முறை வரும். கால் நடுங்க மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கும் முறை வரும். அவனுக்குப் பரிசில் இல்லை, புள்ளியும் இல்லை. எனினும், தன்னோடு ஒத்தவர் முன்னிலையில் தன் கருத்தைச் சொல்லவும், மாற்றான் கருத்தைக் குறுக்கிடாது கேட்கவும், பெரும்பான்மை தன்னைத் தோற்கடித்தால் அதனை ஏற்கவும் அவன் அங்கே கற்றான். குடியாட்சி என்பதைக் குடியியற் பாடநூல் விளக்குகிறது. அதனை அநுபவமாகத் தந்தது மன்றம்.

மைதானத்தின் கதையும் இதுவே. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர், விடியலிலே தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் கல்லூரியின் கதவு அகலத் திறந்தது. பாவலரின் மைந்தர் தெ. து. ஜயரத்தினம் அதிபராக இருந்து 1970 வரை மகாஜனாவை வளர்த்த காலத்தில், உதைபந்தாட்டத்திலே அக்கல்லூரியின் பெயர் குடாநாடெங்கும் ஓங்கியது. துடுப்பாட்டத்துக்கு மட்டையும் காலுறையும் கையுறையும் வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்தும் வெறுங்காலும் போதும். ஏழைப் பிள்ளை எவரிடமும் இரவல் கேளாது நிமிர்ந்து நிற்கத்தக்க ஆட்டம் அது.

பின்னர் நிலைமை மாறியது. அதற்கு யாரையும் இகழ்வதற்கில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அநுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்து மாணவன் முன்னையிலும் கூடிய புள்ளிகள் பெறவேண்டும் என்றாக்கியது. ஒரு புள்ளியிலே வாழ்வு தங்கிநிற்கும்போது மாலைப்பொழுதை மைதானத்திற் செலவிடு என்று எந்தத் தாய் சொல்வாள்? தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. அதன்மேல் போர் வந்தது. 1990இல் தெல்லிப்பழை மக்கள் இடம்பெயர்ந்தபோது கல்லூரியும் இடம்பெயர்ந்தது. ஆண்டுகள் பல வேற்றிடங்களில் இயங்கிய பின்னரே அம்பனைக்கு மீண்டது. கூரையும் தளபாடமும் இன்றி அலைந்த காலத்திற் புத்தகத்தையேனும் காப்போம் என்று ஆசிரியர்கள் எண்ணியது இயல்பே.

இன்று கூரை உண்டு, தளபாடமும் உண்டு. சாரணர் படை, தமிழ்மொழித் தினப் போட்டி, இல்ல மெய்வல்லுநர் போட்டி, வாணி விழா என்று பாடசாலைகளின் நிகழ்ச்சிப் பட்டியலும் நீண்டே இருக்கிறது. எனினும், ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். பட்டியல் நீள நீள, பங்குபற்றுவோர் தொகை சுருங்குகிறது. பேச்சுப் போட்டிக்கு ஒரு பிள்ளை தெரிவாகிறது. பேச்சை ஆசிரியர் எழுதுகிறார். பிள்ளை மனனஞ் செய்கிறது. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே கையை நீட்டுவது என்பதும் பயிற்றப்படுகிறது. வலயத்தில் வென்றால் மாகாணம். மாகாணத்தில் வென்றால் தேசியம். வெற்றிச் செய்தி பத்திரிகையில் வருகிறது, மகிழ்ச்சிதான். அவ்வகுப்பின் ஏனைய நாற்பது பிள்ளைகள் அவ்வாண்டில் ஒரு தடவையேனும் எழுந்து நின்று தம் சொந்தச் சொல்லைப் பேசினரா? அந்தக் கணக்கை எவரும் கேட்பதில்லை. போட்டி சிறந்தவனைத் தேர்ந்தெடுக்கிறது. மன்றமோ அனைவரையும் வளர்த்தது. முன்னது கல்லூரிக்குக் கேடயம் கொணரும். பின்னது ஊருக்கு மனிதரைத் தரும்.

நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. போர் ஓய்ந்த பின்னர், அதே மகாஜனாவின் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கை மட்டத்தில் வெற்றிகள் ஈட்டினர். இடப்பெயர்வின் துயரைப் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. பெண் பிள்ளை பந்துதைப்பதா என்று முகஞ்சுளித்த ஊர்வாய் அவ்வெற்றிகளின் முன் அடங்கியிருக்கும். மாலைநேரத்தை மீட்பது ஆகாத காரியம் என்போருக்கு நான் காட்டும் விடை இதுவே.

படிப்பு முதலிலன்றோ என்று பெற்றோர் கேட்பர். மறுக்கமாட்டேன். ஆயின், நேர்முகப் பரீட்சைக்குச் சென்று வாய்திறக்க அஞ்சி நிற்கும் பட்டதாரியையும், சனசமூக நிலையத்தின் கூட்டத்தில் மாற்றுக் கருத்தைக் கேட்டவுடன் கதிரையை உதைத்துவிட்டு வெளியேறும் கற்றவரையும் நாம் காணாமலில்லை. புள்ளிகள் அவர்களைக் கைவிடவில்லை. வேறொன்று அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று.

ஆகையால் ஆசிரிய நண்பர்களிடம் நான் வேண்டுவது சிறியது. புதிய கட்டடம் வேண்டாம். புதிய போட்டியும் வேண்டாம். கிழமைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். கடைசி மணிக்குப் பின்னர் இயலாதாயின் அதற்கு முன்னரே ஒதுக்குங்கள். தலைவரையும் காரியதரிசியையும் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும். இடாப்பின் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகப் பேசட்டும். பேச்சை எவரும் எழுதிக் கொடுக்கவேண்டாம். நடுவர் வேண்டாம், பரிசில் வேண்டாம். ஆசிரியர் கடைசி வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாற் போதும். ஓராண்டு முடிவில் அவ்வகுப்பிலே வாய் திறவாத பிள்ளை ஒன்றுகூட இல்லையெனின், பொதுமக்களின் பெயரால் 1910இல் அளிக்கப்பட்ட வாக்குறுதி அந்த வகுப்பறையிலே நிறைவேறியதாகும்.