மின்விசிறியை நிறுத்துங்கள்

டயாலிசிஸ் என்றதும் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, நாலு மணி நேரம் படுக்கை, கையில் இரண்டு ஊசி என்பதுதான் நினைவுக்கு வரும். வீட்டிலேயே செய்துகொள்ளும் வகையும் உண்டு. சிஏபிடி என்பார்கள். இதற்கு இயந்திரம் வேண்டாம், கரன்ட் வேண்டாம். குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் வடிகட்டி.

வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்திய குழாய் வழியே இரண்டு லிட்டர் குளுக்கோஸ் கரைசலை உள்ளே விடுவார்கள். நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள யூரியா, கிரியேட்டினின் எல்லாம் சவ்வைத் தாண்டி அதில் வந்து சேரும். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுகிறதல்லவா? அதே போல உடம்பில் மிஞ்சிய நீரைக் குளுக்கோஸ் இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை. பெரும்பாலும் நாளைக்கு நாலு தடவை. 1976-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பொப்போவிச்சும் மான்கிரீஃபும் முன்வைத்த யோசனை இது. முதலில் கண்ணாடி பாட்டில்தான். பிளாஸ்டிக் பை வந்த பிறகே வீட்டுக்கு ஏற்றதானது.

மாதம் 120 பை, 240 லிட்டர். கட்டிலடியெல்லாம் அட்டைப் பெட்டிகள்தான். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஆனால் பையை மாட்டப்போவது நோயாளியோ வீட்டாரோதான். அதற்குத்தான் பயிற்சி. முதலில் ஏப்ரனில் பொருத்திய போலிக் குழாயில் பழக்குவார்கள். ஜன்னலைச் சாத்து, மின்விசிறியை நிறுத்து, மாஸ்க் போடு, சோப்புப் போட்டுக் கை கழுவு, ஈரம் போகத் துடை. இவ்வளவும் குழாயின் திறந்த நுனிக்காக. பையை மாட்டும் அந்தச் சில நொடிகளில் கிருமி புகுந்தால் நேரே வயிற்றுக்குள்தான்.

“புதுப் பையோட நுனி விரல்ல பட்டுடுச்சு, என்ன பண்ணுவீங்கம்மா?” என்று நர்ஸ் திடீரென்று கேட்பார். “பஞ்சு வச்சுத் துடைச்சிடுவேன்” என்றால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டும். வயிற்றுக் குழாயின் நுனியே பட்டுவிட்டால் கிளாம்பை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். நாளைக்கு நாலு என்றால் 25 நாளில் நூறு தடவை. அதற்குள் கை தேறிவிடும். எனக்கென்னவோ பயப்பட வேண்டியதே அப்போதுதான் என்று தோன்றுகிறது. மாஸ்க்கை மறப்பது பழகிய கைதானே?

வடிந்த பையை ஸ்பிரிங் தராசில் மாட்டி எடையை நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு அதைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். திரவம் வெளிர் மஞ்சளாக இருந்து, எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்து மங்கினால், வயிறு வலிக்கட்டும் என்று காத்திராமல், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.