எட்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம்

டிஸ்லெக்சியா என்பது எழுத்துகளைச் சரளமாகப் படிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் தடை உண்டாக்கும் கற்றல் குறைபாடு. அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது கண் கோளாறும் அல்ல. காதில் விழும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு சேர்க்கும் வேலையில் மூளை தடுமாறுவதே பெரும்பாலும் இதன் அடிப்படை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கணக்கில் கெட்டியாக இருந்தும் படிக்க மட்டும் வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அத்தகைய பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. பல குடும்பங்களில் இது வழிவழியாகவும் வருகிறது.

ஆங்கிலத்துக்குத்தான் இந்தச் சிக்கல், தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாமே என்று நினைப்பவர்கள் பலர். 2001-இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் இத்தாலிய மொழியில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் மற்ற இரு நாட்டினரைவிட நன்றாகவே படித்தார்கள். ஆனால் மூளைச் செயல்பாட்டில் இருந்த வேறுபாடு மூன்று நாட்டினருக்கும் ஒன்றுதான். இத்தகைய மொழிகளில் பிழையைவிட வேகக்குறைவே இந்தக் குறைபாட்டை அதிகம் காட்டிக்கொடுக்கும். எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்தும், வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடுகிற பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது.

தமிழ் எழுத்துக்கே உரிய சுமைகளும் உண்டு. மொத்தம் 247 எழுத்துகள். 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. 'கொ'வில் இருபக்கமும் நிற்கிறது. 'க' என்ற ஒரே எழுத்து 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. பேச்சில் 'வாளப்பளம்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை புத்தகத்தில் 'வாழைப்பழம்' என்று பார்க்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடக் குழந்தைகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய எழுத்துமுறையைக் கற்றுத்தேற ஆங்கில அகரவரிசையைவிட அதிக ஆண்டுகள் ஆவதைக் காட்டினார். சாதாரணப் பிள்ளைக்கே காலம் பிடிக்கும் வேலை இது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையைத் தானாக வரட்டும் என்று விட்டால் வராது.

தானாக வரட்டும் என்று காத்திருக்கும் இந்தத் தாமதத்துக்கு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1956-இல் முதலமைச்சராகப் பள்ளி மதிய உணவைத் தொடங்கிய காமராசர் பிறந்த ஊர் விருதுநகர். பொதுத்தேர்வு முடிவுகளில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற மாவட்டம் இது. அதே மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில்தான், 'படிப்பு ஏறல' என்று முடிவுகட்டப்பட்ட பிள்ளைக்குத் தீப்பெட்டி ஆபீசும் வெடி ஆபீசும் பக்கத்திலேயே காத்திருந்தன. வறுமைதான் முதல் காரணம். ஆனால் ஒரே வீட்டில் யாரைப் பள்ளிக்கு அனுப்புவது, யாரை வேலைக்கு அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது, படிக்கத் திணறிய பிள்ளையின் பெயர்தானே முதலில் வந்திருக்கும்?

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசி முதல் இடங்களுள் ஒன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996-இல், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. சட்டம் பிள்ளையை ஆலைவாசலிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தது பெரிய வெற்றி. வகுப்பறைக்கு வந்த பிள்ளை படிக்கக் கற்றதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தரவேண்டியவை முதலிரண்டு வகுப்புகள். எட்டாம் வகுப்புவரை தேர்ச்சிக்குத் தடையில்லாததால், படிக்கத் தெரியாத பிள்ளையும் வகுப்பு மாறிக்கொண்டே போகமுடியும். ஒன்பதாம் வகுப்பில் குட்டு வெளிப்படும்போது வயது 14 ஆகியிருக்கும்.

முந்திக்கொள்வது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆய்வாளர் கானி ஜூவல் 54 குழந்தைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1988-இல் எழுதினார். முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை, நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 88 விழுக்காடு. படிக்க முடியாத பிள்ளை குறைவாகப் படிக்கிறது. குறைவாகப் படிப்பதால் சொல்வளமும் பொது அறிவும் குறைகின்றன. அதனால் எல்லாப் பாடமும் கடினமாகிறது. பிள்ளையின் தன்மதிப்பு இதற்குள் நொறுங்கிவிடுகிறது. அது மீளத்தான் அதிக நாள் எடுக்கிறது.

பலன் தரும் முறை எது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் தந்த அறிக்கை, ஒலிகளைப் பிரித்தறிதல், ஒலி-எழுத்துத் தொடர்பை வரிசையாகக் கற்பித்தல், சரளம், சொல்வளம், பொருள் உணர்தல் ஆகிய ஐந்தையும் வலியுறுத்தியது. தமிழில் இது புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தொடங்கலாம். 'பட்டம்' என்பதைக் கைதட்டிப் பட்-டம் என்று பிரிக்கச் சொல்வது. 'கல்' என்பதில் முதல் ஒலியை மாற்றினால் 'பல்' வருவதைக் காட்டுவது. பிறகு சில எழுத்துகள், அவற்றால் ஆன சொற்கள், அவை நன்றாகப் பதிந்தபின் அடுத்த சில எழுத்துகள். உயிர்க்குறிகளை ஒவ்வொன்றாக, ஒரே குறியைப் பல மெய்களோடு சேர்த்துப் பழக்கவேண்டும். பார்த்து, சொல்லி, கேட்டு, மணலில் விரலால் எழுதி, நாள்தோறும் சிறிது நேரம், நேற்றைய பாடத்தைத் திரும்பத் தொட்டு. இம்போசிஷன் எழுதவைப்பதால் இது வராது. நிறக்கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்வதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2009-இல் கண் மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து அறிவித்தது. எழுத்தே பதியாத பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றுவது சுமையை இரட்டிப்பாக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் தமிழைவிடக் கரடுமுரடானது.

விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், இராசபாளையம் வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அங்கே தமிழ்ச் சொல் தெரியாமல் திணறுவதையும் எழுத்து பிடிபடாமல் திணறுவதையும் ஆசிரியர் பிரித்துப் பார்க்கவேண்டும். வீட்டுமொழியிலேயே எதுகைச் சொல் சொல்லச் சொன்னால் ஓரளவு தெரிந்துவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொண்டதோடு, அதைக் கூடிய விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் கல்வி நிலையங்களைப் பணிக்கிறது. ஆனால் 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயதிலிருந்துதான் தரச் சொன்னது. நோயறிதலில் அவசரம் கூடாது என்பதால் அதில் நியாயம் உண்டு. தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும், கற்பித்தலுக்கு வேண்டியதில்லை. திணறும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒலிப்பயிற்சி கொடுத்துப் பிறகு அதற்கு டிஸ்லெக்சியா இல்லை என்று தெரியவந்தால், யாருக்கும் நட்டமில்லை.

2022-இல் தமிழ்நாடு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதுக்குள் எல்லாரும் பொருளுணர்ந்து படிப்பதையும் இலக்காக வைத்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. அரும்பு நிலையிலேயே பல மாதங்கள் நின்றுவிடும் பிள்ளைதான் முதலில் கவனிக்கப்படவேண்டிய பிள்ளை. காதும் கண்ணும் நன்றாக இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் பார்த்துவிட்டு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுமாறு பெற்றோர் தலைமை ஆசிரியரைக் கேட்கலாம். எட்டு வயது நிறைந்ததும் மதிப்பீடும் சான்றிதழும் கேட்கலாம். பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு அது வழி செய்யும்.